திரைக்கு வெளியே ஒலித்த பாட்டு

திரைப்படத்தில் இடம்பெறாத தமிழ்ப் பாட்டு தெருவெங்கும் ஒலித்த காலம் ஒன்று இருந்தது என்றால், இன்றைய இளைஞர்கள் நம்பத் தயங்குவர். 1960-களின் பிற்பகுதியில் தொடங்கி ஏறத்தாழப் பத்தாண்டுகளே நிலைத்த இலங்கைத் தமிழ்ப் பொப் இசையைக் குறிப்பிடுகிறேன். ('பொப்' என்பது ஈழத்து ஒலிப்பு, அதைப் 'பாப்' என்று திருத்த எனக்கு மனம் வருவதில்லை.)

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் இலங்கை வானொலி உள்ளூர் நிலையம்போலவே கேட்டது. பி.வி.கேஸ்கர் மத்திய அமைச்சராக இருந்தபோது, 1952-இல் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் அருகிப்போயின. நேயர்கள் கொழும்பை நாடினர். 1957-இல் விவித பாரதி வந்த பின்னும் அப்பழக்கம் விடவில்லை. திரைப்பாடலுக்காகத் திருப்பிய முள்ளில் திரைப்பாடல் அல்லாததும் வந்து சேர்ந்தது. மார்கழி விடியலில் திருப்பாவை கேட்ட அதே வீதியில், சற்று நேரங்கழித்துத் தேநீர்க் கடையில் நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' கேட்கும். இரண்டையும் நாங்கள் ஒரே மனத்தோடுதான் கேட்டோம்.

கிதாரும், போர்த்துக்கீசியர் வழி வந்த பைலாவின் துள்ளும் தாளமும், யாழ்ப்பாணப் பேச்சு வழக்கும் சேர்ந்ததே அப்பாட்டு. எங்கள் திரைக் கவிஞர்கள் காதலை நிலவிடம் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தபோது, நித்தி அதை மாமியிடமே நேரில் கேட்டார். கள்ளுக்கடைப் பக்கம் போகாதே என்ற அறிவுரையும் அவர் வாயில் ஆட்டப் பாட்டாயிற்று. அடுத்து வந்த ஏ.ஈ.மனோகரன், சிங்களமும் தமிழும் கலந்த 'சுராங்கனி'யைப் பாடிப் புகழ்பெற்றார். சிங்களத்தில் கிளாரன்ஸ் விஜேவர்தனவின் 'மூன்ஸ்டோன்ஸ்' குழு மின்கிதாரைக் கொண்டு இதே வேலையைச் செய்துகொண்டிருந்தது.

இவ்வலை ஏன் இவ்வளவு விரைவில் ஓய்ந்தது? குழுக்களின் ஆயுள் எங்குமே குறுகியதுதான். இங்கிலாந்தின் 'ஸோம்பீஸ்' 1964-இல் புகழ்பெற்று 1967-இல் கலைந்தது. ஆனால், கலைந்த பின்னும் 1969-இல் அவர்களது பாட்டு ஒன்று அமெரிக்க விற்பனைப் பட்டியலில் மூன்றாமிடம் பிடித்தது. இசைத்தட்டு நிறுவனமும் விற்பனைப் பட்டியலும் உரிமைத்தொகையும் பாட்டைப் பாடகரின் பெயரோடு கட்டிவைத்திருந்தன. நம் பொப் பாடகர்களுக்கு வாய்த்த களம் பெரும்பாலும் வானொலி மட்டுமே. அறிவிப்பாளர் தட்டைச் சுழலவிடும்வரை பாட்டுக்கு உயிர். அதன்பின் கேட்டவர் நினைவுதான் கதி.

எஞ்சியதைத் திரை எடுத்துக்கொண்டது. 1977-இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜாவின் இசையில் 'சுராங்கனி' வந்தது. தமிழகத்தில் பலருக்கு அது திரைப்பாடலாகவே அறிமுகம். 1983 வன்முறைக்குப் பின் இலங்கையில் கேட்டவர்களும் பாடியவர்களும் நாடு நாடாகச் சிதறினர். நித்தி ஆஸ்திரேலியாவில் குடியேறினார். தமிழகத் திரையில் சிறு வேடங்களில் நடித்த மனோகரன் 2018-இல் சென்னையில் காலமானார்.

அந்த ஒலிப்பதிவுகளைத் தேடித் தொகுத்து, எழுதியவர், பாடியவர், வாசித்தவர் பெயர்களோடு வெளியிடும் பணியைத் தமிழகப் பல்கலைக்கழக இசைத்துறை ஒன்றேனும் ஏற்கலாம். அன்று வானொலியைக் கேட்டவர்களில் பலர் இன்னும் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். எது யாருடைய குரல் என்று கேட்டதும் சொல்வார்கள்.