புயல் வருமுன் கூட்டுறவுச் சங்கம் செய்யவேண்டுவன

தமிழ்நாட்டின் கீழைக் கடற்கரையோரத்துக் கிராமங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மாதங்கள் நன்மையையும் தீமையையும் ஒருங்கே கொண்டு வருவனவாகும். வயலுக்கு வேண்டிய மழை அக்காலத்திலேயே பெய்கிறது. புயலும் பெரும்பாலும் அக்காலத்திலேயே வருகிறது. 1964-ம் வருஷம் டிசம்பர் மாதம் 22-ம் தேதி இரவு அடித்த புயலில் தனுஷ்கோடிப் பட்டினம் கடலுக்கு இரையாயிற்று. பாம்பனிலிருந்து அவ்வூரை நோக்கிச் சென்ற பிரயாணி ரயில், நூற்றுக்கு மேற்பட்ட ஜனங்களுடன் அலையில் அடித்துச் செல்லப்பட்டது. அவ்வூர் வசிக்கத் தகுதியற்றதென்று சர்க்கார் பின்னர் அறிவித்தனர்.

புயலைத் தடுக்க மனிதனால் இயலாது. ஆயினும் அது வரும் வழியையும் வேளையையும் முன்கூட்டியே அறிந்து உயிரைக் காத்துக்கொள்ள இயலும். ஒடிஸா ராஜ்யத்தில் 1999-ம் வருஷம் அக்டோபர் 29-ம் தேதி பாரதீப் அருகே கரையேறிய பெரும்புயலில் ஏறக்குறைய பதினாயிரம் பேர் மாண்டனர். அதே ராஜ்யத்தில் 2013-ம் வருஷம் அக்டோபர் 12-ம் தேதி கோபால்பூர் அருகே மற்றொரு கடும்புயல் கரையேறிற்று. இதன் வேகம் முன்னதைவிடச் சற்றுக் குறைவே. எனினும் மாண்டவர் தொகை ஐம்பதைக்கூட எட்டவில்லை. காற்று அடிக்குமுன்னரே பத்து லட்சம் ஜனங்கள் வரையில் மேட்டு நிலங்களுக்கும் உறுதியான கட்டடங்களுக்கும் சென்றுவிட்டமையே இதற்கு முக்கிய காரணமாகும். எச்சரிக்கை கிடைப்பது ஒன்று. அதன்படி நடப்பது வேறொன்று. பின்னதை நிறைவேற்றுவதற்குக் கிராமத்தில் கூட்டுறவுச் சங்கத்தைவிடத் தகுந்த ஸ்தாபனம் அரிது.

புயலின் தன்மை

உஷ்ணமான கடலிலிருந்து எழும் நீராவி மேலே சென்று மழையாக மாறும்பொழுது அதிலுள்ள வெப்பம் வெளிப்படுகிறது. அதனால் அவ்விடத்தில் காற்றின் அமுக்கம் குறைய, சுற்றிலுமுள்ள காற்று அதனை நோக்கி விரைகிறது. பூமி சுழல்வதால் அக்காற்று நேரே செல்லாமல், நமது வட கோளத்தில் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையாகச் சுழல்கிறது. சுழற்காற்றின் வேகம் மணிக்கு 62 கிலோமீட்டரை எட்டினால் அது புயல் எனப்படும். 89-ஐ எட்டினால் கடும்புயல். 118-ஐ எட்டினால் மிகக் கடும்புயல்.

புயலின் நடுவே கண் என்று சொல்லப்படும் அமைதியான பாகம் உண்டு. அது ஊரின்மேல் வரும்பொழுது காற்று திடீரென்று நின்றுவிடும். சில சமயம் வானமும் வெளுக்கும். புயல் கடந்துவிட்டதென்று எண்ணி வீட்டைப் பார்க்கவும் மாட்டைத் தேடவும் வெளிவருவோர், சிறிது நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து முன்னைப் போன்ற வேகத்துடன் வரும் காற்றில் அகப்பட்டுக் கொள்கின்றனர்.

காற்றைக் காட்டிலும் கொடியது கடல் நீர். காற்றினால் தள்ளப்பட்டுக் கடல் கரைமேல் ஏறி உள்நாட்டில் புகுகிறது. 1977-ம் வருஷம் நவம்பர் 19-ம் தேதி ஆந்திர தேசத்துத் திவிசீமையில் பல்லாயிரம் ஜனங்களை மாய்த்தது இந்நீரே. கீழ்க்கரையில் மேற்கு நோக்கி வரும் புயலுக்கு வடபுறத்தில் காற்று கடலிலிருந்து கரைக்கு வீசுவதால், புயல் கரையேறும் இடத்திற்கு வடக்கேயுள்ள ஊர்களுக்கே இவ்வபாயம் மிகுதி.

திசையைக் கண்டு அறிதல்

இந்நாளில் வானத்துத் துணைக்கோள்களாலும், சென்னை, காரைக்கால் முதலிய இடங்களிலுள்ள ரேடார்களாலும் புயலின் போக்கை வானிலை இலாகாவினர் இடைவிடாது கவனித்து ரேடியோ, டெலிவிஷன், டெலிபோன் வாயிலாக அறிவிக்கின்றனர். அவ்வறிவிப்பையே நம்புதல் வேண்டும். வதந்தியைப் பரப்புதல் கூடாது. ஆயினும் செய்தி தடைப்பட்ட வேளையில் உதவக்கூடிய ஒரு விதியுண்டு. மேற்கு நோக்கி வரும் புயலுக்கு முன்னால் காற்று வடக்கிலிருந்து வீசும். பின்னர் அது வடகிழக்காகவும் கிழக்காகவும் மாறினால், புயலின் நடு ஊருக்குத் தெற்கே செல்கிறது. கடல் நீர் ஏறக்கூடும். வடமேற்காகவும் மேற்காகவும் மாறினால் ஊருக்கு வடக்கே செல்கிறது. திசை மாறாமல் வேகம் மட்டும் ஏறிக்கொண்டே போனால், நடுவே ஊரை நோக்கி வருகிறதென்று கொள்ளலாம்.

மூன்று நாட்களின் வேலை

எச்சரிக்கை படிப்படியாக வருகிறது. சுமார் 72 மணி நேரத்திற்கு முன் முதல் அறிவிப்பும், மோசமான காற்று மழை தொடங்குவதற்கு 48 மணி நேரத்திற்கு முன் இரண்டாவதும், 24 மணி நேரத்திற்கு முன் மூன்றாவதும், கரையேறுவதற்கு 12 மணி நேரத்திற்கு முன் நான்காவதும் வெளியிடப்படும். ஒவ்வோர் அறிவிப்புக்கும் உரிய வேலையைச் சங்கத்தின் நிர்வாக சபையார் முன்னதாகவே தீர்மானித்து வைத்தல் நலம்.

முதல் அறிவிப்பு வந்தவுடன் சபை கூடி, ஓலைக் குடிசைகளிலும் தாழ்ந்த இடங்களிலும் வசிப்போர், முதியோர், கர்ப்பிணிகள், நோயாளிகள் ஆகியோரின் ஜாபிதாவைச் சரிபார்க்க வேண்டும். பத்து வீட்டுக்கு ஓர் அங்கத்தினர் பொறுப்பேற்பது உசிதம். முற்றிய நெற்பயிரை அறுக்க, அங்கத்தினர் தத்தம் வயலையே பார்த்திராமல், ஆட்களையும் வண்டிகளையும் ஒன்றுசேர்த்து முறைப்படி செல்ல வேண்டும். தனி ஒருவரால் மூன்று நாளில் ஆகாதது, முப்பது பேர் சேர்ந்தால் ஆகும். வடிகால்களை வெட்டித் திறந்துவிடல் வேண்டும்.

இரண்டாவது அறிவிப்பின்போது விதை மூட்டைகளையும் உர மூட்டைகளையும் தரையிலிருந்து உயர்த்தி மரப்பலகைகளின்மேல் அடுக்கித் தார்ப்பாயால் மூடவேண்டும். தென்னையில் முற்றிய காய்களையும் பாரமான கீழ்மட்டைகளையும் வெட்டி இறக்கினால் காற்றின் பிடி குறையும். வாழைக்கு முட்டுக் கொடுத்து, முற்றிய தார்களை வெட்டிவிடலாம். 2018-ம் வருஷம் நவம்பர் 16-ம் தேதி நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரையேறிய கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளில் எண்ணற்ற தென்னைகள் வேரோடு சாய்ந்தன. ஒரு தென்னை வீழ்ந்தால் அதன் இடத்தில் மறுபடி காய் காணப் பல வருஷங்கள் ஆகுமென்பதை யாவரும் அறிவர்.

சங்கத்தின் கணக்குப் புஸ்தகங்கள், அங்கத்தினர் ரிஜிஸ்தர், கடன் பத்திரங்கள், அடகு நகைகள் ஆகியவற்றின்மீது காரியதரிசி தனிக் கவனம் செலுத்துதல் வேண்டும். ஏடு நனைந்து எழுத்தழிந்தால், கடன் செலுத்தியவர் செலுத்தியதை நிரூபிக்க இயலாமல் போகும். அங்கத்தினர்க்குள் வழக்கும் பகையும் விளையும். ஆதலின் அவற்றை நீர் புகாத உறைகளிலிட்டு, இரும்புப் பெட்டியை வெள்ளம் எட்டாத உயரத்தில் வைத்து, பாக்கி ஜாபிதாவின் நகலொன்றை வேறொரு மேட்டுக் கட்டடத்தில் சேர்ப்பித்தல் வேண்டும்.

மூன்றாவது அறிவிப்பு வந்தபின் வயல் வேலையை நிறுத்தி ஜனங்களைக் கவனிக்க வேண்டும். பொறுப்பேற்ற அங்கத்தினர் வீடுதோறும் சென்று, முதியோரையும் குழந்தைகளையும் பகற்பொழுதிலேயே பாதுகாப்பான கட்டடத்தில் சேர்த்தல் அவசியம். கால்நடைகளைக் கட்டவிழ்த்து மேட்டிற்கு ஓட்டிவிட வேண்டும். கட்டிய கயிற்றோடு வெள்ளத்தில் மடிந்த மாடுகள் பல. குடிநீர், அரிசி, விளக்கு, தீப்பெட்டி, மருந்து ஆகியன மூன்று நாளைக்குப் போதுமானவை இருத்தல் வேண்டும். நான்காவது அறிவிப்புக்குப் பின் எவரும் வெளியே செல்லலாகாது.

புயலுக்குப் பின்

அறுந்து கிடக்கும் மின்சாரக் கம்பியை யாரும் தொடலாகாது. கிணற்று நீரைச் சலவைத் தூள் இட்டுச் சுத்தி செய்தபின், காய்ச்சியே பருக வேண்டும். 2016-ல் ஏற்பட்ட பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின்படி, அறுத்து வயலில் உலரவிட்ட பயிர் 14 நாட்களுக்குள் புயலால் சேதமுற்றால், அதனை 72 மணி நேரத்திற்குள் அறிவித்தல் வேண்டும். வீடிழந்து நிற்கும் அங்கத்தினர்க்கு இக்கெடு நினைவிருத்தல் அரிது. ஆதலின் காரியதரிசியே முன்வந்து அவர்களுடைய விண்ணப்பங்களை எழுதுவிப்பது கடமையாகும்.

ஒருவர் எல்லோருக்காகவும், எல்லோரும் ஒருவருக்காகவும் என்பது கூட்டுறவின் மூலதர்மம். கடன் கொடுக்கும்பொழுதும் வாங்கும்பொழுதும் மாத்திரம் அதனைக் கைக்கொள்ளும் சங்கம் பாதி வேலையே செய்ததாகும். அடுத்த ஐப்பசிக்கு முன் ஒவ்வொரு சங்கமும் ஒரு கூட்டம் கூட்டி, எந்த வீட்டுக்கு யார் பொறுப்பு என்பதை நிச்சயித்து மினிட் புஸ்தகத்தில் எழுதி வைக்குமாயின், அந்த ஒரு பக்கம் பல உயிர்களுக்குக் காவலாக நிற்கும்.