சிறு விமானத்தில் தூரதேச யாத்திரை

இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியே பறக்கும் முதல் இந்தியருக்கு ஆகாகான் ஒரு பரிசு அறிவித்திருந்தார். அதை நாடி 1930-ஆம் ஆண்டில் கராச்சியிலிருந்து புறப்பட்ட ஜே. ஆர். டி. டாடா, எகிப்திலுள்ள அபூகிரில் இறங்கினார். எதிர்த் திசையில் வந்த போட்டியாளர், 17 வயது ஆஸ்பி என்ஜினீயர், மாற்று ஸ்பார்க் பிளக்குகள் இன்றி அங்கே தவித்துக் கொண்டிருந்தார். டாடா தம்மிடமிருந்தவற்றைக் கொடுத்து உதவினார். பரிசை வென்றவர் ஆஸ்பியே.

அந்தப் பெருந்தன்மையை நாம் போற்றுகிறோம். ஆனால் வழியில் ஒரு டாடா எதிர்ப்படுவார் என்று நம்பி நாம் புறப்படலாகாது.

தேசப் படத்தில் நேர்கோடு கிழிப்பது எளிது. அக்கோட்டை வளைப்பவை இரண்டு: அநுமதியும் எரிபொருளும். 1944-ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கை பிற நாட்டு வானில் பறக்க இடமளிப்பினும், பல நாடுகள் முன்கூட்டியே அநுமதி பெறுமாறு கோருகின்றன. அதுவும் குறிப்பிட்ட நாட்களுக்கே செல்லும். ஒரு நாட்டில் மழையால் தங்கினால், அடுத்த நாட்டின் அநுமதி காலாவதியாகிவிடக் கூடும். ஜெட் விமானங்களுக்குரிய மண்ணெண்ணெய் வகை எரிபொருள் பெரிய நிலையங்களில் கிடைக்கும். சிறு விமானங்கள் பலவற்றுக்கு வேண்டிய விமானப் பெட்ரோலோ பல இடங்களில் கிடையாது. ஆகவே அது கிடைக்கும் ஊர்களை ஒட்டியே வழியை வகுக்க வேண்டும்.

பதிவுச் சான்று, பறப்புத் தகுதிச் சான்று, விமானியின் லைசென்ஸ், பிரயாணக் குறிப்பேடு ஆகியவை விமானத்திலேயே இருத்தல் அவசியம்.

இவை யாவற்றிலும் முக்கியமானது ஒன்றுண்டு. வானிலை கெட்டால் எந்த இடத்துடன் திரும்பிவிடுவது என்பதைத் தரையில் இருக்கும்போதே நாம் தீர்மானித்துக் கொள்ள வேண்டும். அங்கிருந்து திரும்புவதற்கான பெட்ரோல் தொட்டியில் இருந்தாலன்றி, அத்தீர்மானத்தால் பயனில்லை.