இலையின் நடுவில் பழம் பழுக்குமா?

தென் இங்கிலாந்தின் காட்டு நிழலில் முட்புதராக வளர்கிறது புட்சர்ஸ் புரூம். அதன் இலையின் நட்டநடுவே ஒரு சிவப்புப் பழம்! தண்டில்தானே காய்க்க வேண்டும்?

காய்த்திருப்பதும் தண்டில்தான். சப்பாத்திக் கட்டையால் தேய்த்த மாவு தட்டையாவதுபோல், தட்டையாகிவிட்ட கிளை அது. நம்ப முடியவில்லையா? இளந்தண்டில் அதன் அடியை உற்றுப் பாருங்கள். செதில் மாதிரி ஒரு துணுக்கு தெரிகிறதே, அதுதான் நிஜ இலை. கிளை முளைப்பது இலையின் கக்கத்தில்தானே!

உணவு தயாரிக்கும் வேலையும் இந்தக் கிளைக்கே. வருடம் முழுக்கப் பச்சை என்பதால், குளிர்காலத்தில் பெரிய மரங்கள் இலையுதிர்த்ததும் கிடைக்கும் வெளிச்சத்தையும் விடாது.

ஆண், பெண் செடிகள் பெரும்பாலும் தனித்தனி. நடுபவர்கள் இதை மறந்துவிட்டுப் பழத்துக்குக் காத்திருப்பார்கள், பாவம்!

நம்மூர் தண்ணீர்விட்டான் கிழங்கு இதன் உறவுதான். அதன் ஊசி ‘இலை’களும் கிளைகளே.