கிட்னியில் கல் வந்தால் பாலை ஏன் நிறுத்துகிறோம்?

ஸ்கேனில் "கிட்னியில் கல்" என்று வந்துவிட்டால் நம் வீடுகளில் முதலில் நிறுத்தப்படுவது பால். அடுத்து தயிர், மோர். என் டீமில் ஒருவருக்கு 6 மில்லிமீட்டர் கல். "சுண்ணாம்புச் சத்துதானே மாப்பிள்ளை கல்லாகுது? இனிமே பாலைத் தொடாதீங்க" என்று மாமியார் சொல்லிவிட்டார். மனுஷன் ஒன்றரை வருஷம் பிளாக் டீயிலேயே ஓட்டினார். இரண்டாவது கல்லும் வந்தது. நான் டாக்டர் இல்லை, படித்தது பி.இ. ஆனால் ஒரு விஷயம் உறுத்தினால் அதன் மூல ஆய்வைத் தேடிப் படிக்காமல் இருக்க முடியாது. அப்படிப் படித்ததுதான் இது.

மாமியாரின் லாஜிக் முழுத் தப்பில்லை, பாதிதான் சரி. சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட். அதாவது கல் உருவாக இரண்டு பேர் வேண்டும். கால்சியம் ஒருவர். இன்னொருவரான ஆக்சலேட்டை நம் கல்லீரலே கொஞ்சம் தயாரிக்கிறது. மீதி பசலைக்கீரை, பீட்ரூட், பாதாம், முந்திரி, டீ வழியாக வருகிறது. இந்த இருவரும் எங்கே சந்திக்கிறார்கள் என்பதுதான் விஷயமே. குடலில் சந்தித்தால் ஒட்டிக்கொண்டு மலத்தோடு வெளியே போய்விடுவார்கள். குடலில் கால்சியம் இல்லையென்றால் ஆக்சலேட் தனியாக ரத்தத்துக்குள் ஏறி, சிறுநீரகத்துக்கு வந்து, அங்கே இருக்கும் கால்சியத்தோடு சேரும். பாலை நிறுத்தினால் சிறுநீரில் கால்சியம் கொஞ்சம் குறையும்தான், ஆனால் ஆக்சலேட் ஏறிவிடும். கூடவே எலும்பும் பலவீனமாகும். பால் ஊற்றாத டீ என்பது ஆக்சலேட்டை மட்டும் தனியாக உள்ளே அனுப்பும் வேலை.

இது வெறும் தியரி இல்லை. 1993-ல் ஹார்வர்டைச் சேர்ந்த கேரி கர்ஹன் குழு, கல் வந்திராத 45,619 ஆண்களை நான்கு வருடம் பின்தொடர்ந்து ஓர் ஆய்வு வெளியிட்டது. உணவில் அதிகக் கால்சியம் சாப்பிட்டவர்களுக்குக் கல் வரும் ஆபத்து சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு. 2002-ல் இத்தாலியின் பார்மாவில் போர்கி என்ற மருத்துவரின் குழு நேரடியாகவே சோதித்தது. திரும்பத் திரும்பக் கல் வந்த, சிறுநீரில் கால்சியம் அதிகம் போகிற 120 ஆண்கள். பாதிப் பேருக்குக் கால்சியம் குறைத்த உணவு. மறுபாதிக்கு வழக்கமான கால்சியம், ஆனால் உப்பும் இறைச்சியும் குறைவு. ஐந்து வருடத்தில் முதல் 60 பேரில் 23 பேருக்கு மறுபடி கல். இரண்டாவது 60 பேரில் 12 பேருக்கு மட்டுமே. (இதெல்லாம் உணவில் இருக்கும் கால்சியத்துக்கு. மாத்திரை வேறு கணக்கு, அதை டாக்டரிடம் கேளுங்கள்.)

ஆக, குறைக்க வேண்டியது உப்பு. சிறுநீரகம் சோடியத்தை வெளியே தள்ளும்போது கால்சியமும் கூடவே போகிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர் எல்லாம் சேர்த்துத்தான் அந்த ஒரு டீஸ்பூன். தக்காளியைப் பாவம் சும்மா குற்றம் சொல்கிறோம், அதில் ஆக்சலேட் குறைவுதான்.

தண்ணீர் பற்றி எல்லோரும் சொல்வதுதான், ஆனால் அளவு முக்கியம். 1996-ல் அதே போர்கி குழு, முதல் கல் வந்தவர்களில் ஒரு பிரிவை நிறையத் தண்ணீர் குடிக்க வைத்தது. ஐந்து வருடத்தில் அவர்களில் 12 சதவீதம் பேருக்குத் திரும்ப வந்தது, மற்றவர்களில் 27 சதவீதம். குடிப்பதை அளப்பதைவிட வெளியேறுவதை அளப்பதுதான் சரி: நாளைக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர். வெயிலில் வேலை செய்பவருக்கு மூன்று லிட்டர் குடித்தாலும் அது வராது. வேலை இடத்தில் கழிப்பறை இல்லை என்பதற்காகவே காலையிலிருந்து தண்ணீர் குடிக்காத பெண்கள் எத்தனை பேர்! அவர்களிடம் போய் "நிறையத் தண்ணி குடிங்கம்மா" என்று சொல்லி என்ன பிரயோஜனம்? முதல்ல கக்கூஸ் கட்டணும்.

வாழைத்தண்டுச் சாறு? குடிக்கலாம், தண்ணீர்ச் சத்தாவது சேரும். ஆனால் 12 மில்லிமீட்டர் கல்லை அது கரைத்துவிடும் என்று நம்பி மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள். கிட்னி செயல்பாடு குறைந்தவர்கள் அதிலுள்ள பொட்டாசியத்துக்காக எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

5 மில்லிமீட்டருக்குள் இருந்தால் மூன்றில் இரண்டு கல் தானாகவே வெளியேறிவிடும். வலி மருந்து போதும். பெரிதானால் மூன்று வழி: வெளியிலிருந்து அதிர்வலை, சிறுநீர்க் குழாய் வழியே லேசர், முதுகில் சின்னத் துளை. அதிர்வலைக் கருவியை உருவாக்கியது டோர்னியர் என்ற ஜெர்மன் விமான நிறுவனம். 1980-ல் மியூனிக்கில் முதல் நோயாளிக்குச் செய்தார்கள். சிகிச்சைக்குப் பின் உள்ளே ஸ்டென்ட் வைத்தால், எடுக்கும் தேதியை போனில் அலாரமாகப் போட்டுக்கொள்ளுங்கள். வலி இல்லையே என்று மறந்து, அதன் மேலேயே கல் படிந்து திரும்பி வருபவர்கள் உண்டு.

ஒரே ஒரு நிலையில் யோசிக்கவே கூடாது. கல் வலியோடு குளிர் காய்ச்சல் வந்தால், அல்லது சிறுநீர் சுத்தமாக நின்றுவிட்டால், அன்று ராத்திரியே ஆஸ்பத்திரி. அடைபட்ட சிறுநீரில் கிருமி சேர்ந்து ரத்தத்தில் கலந்தால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து. இன்னொன்று, வலி நின்றுவிட்டால் கல் போய்விட்டது என்று அர்த்தமில்லை. அடைப்பு அப்படியே இருந்து, சத்தமில்லாமல் ஒரு கிட்னி கெட்டுப்போகலாம். மறு ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும்.

கல் வெளியே வந்தால் தூக்கி எறியாதீர்கள். டீ வடிகட்டியில் பிடித்து லேபுக்குக் கொடுங்கள். கால்சியம் கல்லைக் கரைக்க மருந்து கிடையாது. ஆனால் யூரிக் அமிலக் கல் என்றால், சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைக்கும் பொட்டாசியம் சிட்ரேட் மருந்திலேயே கரைக்க முடியும்.