விண்டோஸ் 10: 2025 அக்டோபர் 14-க்குப் பிறகு என்ன ஆகும்?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு இலவசப் பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. “மறுநாள் கம்ப்யூட்டர் ஓடாதா?” என்று வாசகர்கள் கேட்டு எழுதினார்கள். ஓடும். வழக்கம்போல ஓடுவதால்தான் ஆபத்து கண்ணில் படாது.

ஆன்டிவைரஸ் இருக்கிறதே, போதாதா?

போதாது. விண்டோஸில் உள்ள ஓட்டையை அது அடைக்காது; அப்டேட்தான் அடைக்கும். மாதந்தோறும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை மைக்ரோசாப்ட் அப்டேட் வெளியிடுகிறது. தாக்குதல்காரர்களும் அதை இறக்கிக்கொள்கிறார்கள். பழைய கோப்பையும் புதியதையும் ஒப்பிட்டால், நிரல் எங்கே மாறியிருக்கிறது என்று தெரிந்துவிடும். மாறிய இடம்தான் ஓட்டை இருந்த இடம். பிறகு அப்டேட் போடாத கம்ப்யூட்டர்களைத் தேடிப் போகவேண்டியதுதான். ஒரு வீட்டில் பூட்டு மாற்றுவதைப் பார்த்த திருடன், அதே பழைய பூட்டு தொங்கும் அடுத்த வீட்டுக்குப் போவதுபோல. செவ்வாய்க்கு மறுநாளை ‘தாக்குதல் புதன்’ என்று இத்துறையினர் கேலி செய்வதே இதனால்தான்.

விண்டோஸ் 10-க்கும் 11-க்கும் பொதுவான நிரல் ஏராளம். இனி 11-இல் அடைக்கப்படும் ஓட்டைகள் பல, 10-இல் திறந்தே கிடக்கும். எங்கே என்ற துப்பும் கூடவே வெளியாகும். அப்டேட் போடாததன் விலை 2017-இல் தெரிந்தது. மார்ச் 14 அன்று அப்டேட் வந்தது. மே 12 அன்று வான்னாக்ரை என்ற வைரஸ் தாக்கியது. பிரிட்டன் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைகள் ரத்தாயின. (அதற்குப் பயன்பட்ட கருவி அமெரிக்க உளவு அமைப்பிடமிருந்து கசிந்தது என்பது தனிக் கதை.)

ஓராண்டு நீட்டிப்பு இலவசம்தானா?

பாதுகாப்பு அப்டேட்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு உண்டு. ‘இலவசம்’ என்பதற்கு மைக்ரோசாப்ட் அகராதியில் பொருள் வேறு: அவர்களுடைய கணக்கில் நுழைந்து, உங்கள் கம்ப்யூட்டர் அமைப்புகளை அவர்கள் சர்வரில் சேமிக்கச் சம்மதிக்க வேண்டும். சேமிக்கச் சம்மதமில்லையேல் 30 டாலர், அல்லது 1,000 மைக்ரோசாப்ட் ரிவார்ட்ஸ் புள்ளிகள். நுகர்வோர் அமைப்பு நெருக்கியதும் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியினருக்கு அந்தச் சேமிப்பு நிபந்தனையைத் தளர்த்திவிட்டார்கள். நமக்கு இல்லை. கேட்க ஆளில்லை என்ற தைரியம்தான்.

விண்டோஸ் 11-க்கு மாறலாமா? டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் அவர்கள் பட்டியலில் உள்ள பிராசசரும் இருந்தால், செலவில்லாமல் மாறலாம்.

விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் ஆன்டிவைரஸ்? புதிய வைரஸ்களின் அடையாளங்கள் 2028 அக்டோபர் வரை வரும். ஓட்டையை அது அடைக்காது.

லினக்ஸ்? பிரவுசரும் மெயிலும் போதும் என்பவர்களுக்குத் தாராளமாக.

கிராக் போட்ட விண்டோஸ்? முதலில் அதை எடுங்கள். வைரஸ் அதோடு சேர்ந்தே வந்திருக்கலாம்.

நீட்டிப்புக்கு எங்கே பதிவது? செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில். 22எச்2 பதிப்பு இருந்தால்தான் அந்த இணைப்பு தெரியும்.