ஹெல்சிங்கி – டோக்கியோ: தூரம் அதேதான், நேரம் வேறு

ஹெல்சிங்கிக்கும் டோக்கியோவுக்கும் இடையே ஏறக்குறைய 7,800 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகம் என்று வைத்து வகுத்தால், ஒன்பது மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக விடை வரும். ஏறி இறங்கும் நேரத்தையும் சேர்த்து, 2022 தொடக்கம் வரை விமானங்கள் ஒன்பதரை மணி வாக்கில் போய்ச் சேர்ந்தன. இப்போது சுமார் பதின்மூன்று மணி நேரம் ஆகிறது. விமானத்தின் வேகம் குறைந்துவிடவில்லை. இணையத்தில் யாரும் தட்டிப் பார்க்கும் தூரக் கணக்கு, நடுவில் இருக்கும் வானம் யாருடையது என்பதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஓர் உலக உருண்டையில் இந்த இரு நகரங்களுக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்தால், நூலின் பெரும்பகுதி சைபீரியாவின் மேல் கிடக்கும். இந்தக் குறுக்கு வழியை நம்பித்தான் பின்லாந்தின் ஃபின்ஏர் நிறுவனம் தன் ஆசிய வணிகத்தையே கட்டியெழுப்பியது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்கு வானத்தை மூடியது. ரஷ்யாவும் பதிலுக்கு மூடியது. மிஞ்சியவை இரண்டே வழிகள்: தெற்கே மத்திய ஆசியாவைச் சுற்றிப் போவது, அல்லது வட துருவத்தைக் கடந்து அலாஸ்கா பக்கமாகப் பறப்பது. துருவம் கடந்த பயணிகளுக்குச் சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள். கூடுதலாக எரிந்த எரிபொருளுக்கு அது ஈடாகுமா என்ன!

போர்க்காலம் விதிவிலக்குதானே என்று கேட்கலாம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1957-இல் ஸ்கேண்டிநேவிய நிறுவனமான எஸ்ஏஎஸ், கோபன்ஹேகனிலிருந்து டோக்கியோவுக்கு அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கித்தான் போனது. 1983-இல் ஃபின்ஏர் எங்கும் இறங்காமல் டோக்கியோவுக்குப் பறக்கத் தொடங்கியபோதும் சோவியத் வானத்தைத் தவிர்த்துத் துருவம் வழியாகவே சென்றது. அன்றும் பதின்மூன்று மணி நேரம். அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று, வழிதவறி சோவியத் வானத்துக்குள் நுழைந்த கொரிய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் இறந்தார்கள். சோவியத் ஒன்றியம் சரிந்த பிறகு சில பத்தாண்டுகள் தாராளமாகக் கிடைத்த ஒன்பதரை மணிப் பயணத்தைத்தான் விதிவிலக்கு என்று சொல்ல வேண்டும்.

அரசியல் இல்லாத இடத்திலாவது கணக்கு சரியாக வருமா என்றால், அங்கே காற்று குறுக்கிடுகிறது. நியூயார்க்–லண்டன் வழி 5,500 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். 2020 பிப்ரவரியில் புயலோடு வந்த பலத்த மேற்குக் காற்று முதுகில் தள்ள, பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் லண்டன் சேர்ந்தது. எதிர்க்காற்றில் திரும்பிப் போக ஏழெட்டு மணி நேரம் ஆவது சாதாரணம். தூரக் கணக்கு பயனற்றது என்பதல்ல. அது தோராயத்தை மட்டும் காட்டும்.

ஆகவே, ஐரோப்பாவிலிருந்து கிழக்காசியாவுக்கு டிக்கெட் எடுப்பவர்கள் கிலோமீட்டரைப் பார்க்க வேண்டாம். புறப்படும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் பாருங்கள்; எந்த நாட்டு விமானம் என்பதையும் பாருங்கள். சீன விமானங்களுக்கு சைபீரிய வானம் இன்னும் திறந்தே இருக்கிறது.