கைராசியா? கைப்பழக்கமா?

பனியன் ஊரான திருப்பூரில் டெய்லருக்குக் கை எவ்வளவு முக்கியமோ, கணுக்காலும் அவ்வளவு முக்கியம். தையல் மிஷினின் பெடலை மிதிப்பது கால்தானே! பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவர் மழை ஈரத்தில் வழுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டால், அன்றோடு வருமானமும் நின்றுவிடும்.

"கைராசிக்கார டாக்டராப் பாரு, கண்ணு!" என்பார் பாட்டி. "செலவு எங்கே குறைவு?" என்பார் அண்ணன். இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். அது டாக்டர் பெற்ற பயிற்சி!

1 மில்லிமீட்டர்!

கீழ்க்காலின் இரண்டு எலும்புகளும் கவட்டை போல நிற்கின்றன. பாதத்தின் எலும்பு அதற்குள் பொருந்துகிறது. ராம்சே, ஹாமில்டன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1976-ம் ஆண்டில் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். பாத எலும்பு வெளிப்பக்கம் 1 மில்லிமீட்டர் விலகினாலே, எலும்புகள் ஒன்றையொன்று தொடும் பரப்பு 42 சதவீதம் குறைந்துவிடுகிறது!

உடல் பாரம் முழுவதும் சிறு இடத்தில் விழுந்தால் என்ன ஆகும்? மூட்டு தேயும். நடக்கும்போதெல்லாம் வலிக்கும். தையல் கோணினால் பிரித்துத் தைக்கலாம். எலும்பு கோணினால் மறுபடி ஆபரேஷன், மறுபடி செலவு, மறுபடி பல வாரம் கூலி இல்லை!

பயிற்சியின் கதை

1958-ம் ஆண்டில் சுவிட்சர்லாந்தில் 13 டாக்டர்கள் 'ஏ.ஓ.' என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். தகடும் திருகாணியும் இருந்தால் போதாது, பொருத்தவும் பழக வேண்டும் என்று 1960-ல் டாவோஸ் நகரில் வகுப்பு நடத்தினார்கள். இன்று உலகெங்கும் டாக்டர்கள் அந்த முறையைக் கற்கிறார்கள்.

நம் பக்கத்துக் கோவையில் 1978-ல் தோன்றிய கங்கா ஆஸ்பத்திரிக்கு வெளிநாட்டு டாக்டர்களும் பயிற்சிக்கு வருகிறார்கள். திருப்பூரிலேயே 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது.

செலவு குறைவது எப்படி?

எல்லா முறிவுக்கும் ஆபரேஷன் வேண்டியதில்லை. விலகாத முறிவு மாவுக்கட்டிலேயே கூடிவிடும். பழகிய டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்து அதைச் சொல்லிவிடுவார். வீக்கம் அதிகமானால், அது வடிந்து தோலில் சுருக்கம் விழும்வரை காத்திருப்பார். அவசரப்பட்டால் புண் சீழ் பிடிக்கும்.

சாதாரண முறிவுக்குச் சாதாரண எஃகுத் தகடே பெரும்பாலும் போதும். எலும்பு நொறுங்கியவர்களுக்கும் எலும்பு மெலிந்த முதியவர்களுக்கும் விலை உயர்ந்த தகடு தேவைப்படலாம். விலை கூடினால் குணமும் கூடும் என்பதில்லை!

கூச்சம் வேண்டாம்

"ஆபரேஷன் அவசியமா? இதுபோல் நிறையச் செய்திருக்கிறீர்களா? இந்தத் தகடு எதற்கு?" என்று பணிவாகக் கேளுங்கள். இளம் டாக்டர் செய்தாலும், மூத்தவர் பக்கத்தில் நின்றால் பயம் வேண்டாம். சர்க்கரை நோய் இருந்தால் மறைக்காதீர்கள். ஈ.எஸ்.ஐ. அட்டை, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு கொண்டு போங்கள்.

கட்டிங் மாஸ்டரின் கத்தி ஒரே நாளில் நேராக ஓடிவிடவில்லை. வெட்டி வெட்டிப் பழகிய கை அது. டாக்டரின் கைராசியும் அப்படித்தான்!